நேரான சுவர் இல்லாத கட்டடம்

புத்தலப்பட்டிலிருந்து அண்ணனும் நானும் ஒன்றாகத்தான் வளைகுடாவுக்குப் போனோம். இரண்டு பேருக்கும் வெல்டிங் தெரியும். ஆஸ்பத்திரி கட்டும் வேலை என்று திருப்பதி ஏஜென்ட் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால், ஓவியங்கள் வைக்கும் மியூசியம். எந்தச் சுவரும் நேராக இல்லை. கூரை காற்றில் புரளும் துணியைப் போல ஏறி இறங்கி, கடல் பக்கமாகச் சரிந்து கிடந்தது.

"இத வரஞ்சவனுக்கு ஸ்கேல் கெடைக்கலியா?" என்று அண்ணன் முதல் நாளே கேட்டான். ஆனாலும் போகப் போக அவனுக்கு அது பிடித்துவிட்டது. சாயங்கால வெயிலில் கூரைத் தகடுகள் நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டுத்தான் கேம்ப் பஸ்ஸில் ஏறுவான்.

அந்தச் சரிவில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கியபடிதான் பற்றவைக்க வேண்டும். கோடையில் ஒரு மத்தியானம், அண்ணன் பக்கம் பொறி பறப்பது நின்றது. கூப்பிட்டேன். தலை மார்பில் சாய்ந்திருந்தது. நான் இருந்த இடத்திலிருந்து அவனை எட்ட முடியவில்லை. தூக்கும் வண்டி கட்டடத்தின் மறுபக்கத்தில் நின்றது. அது சுற்றிவந்து அவனை இறக்கியபோது உயிர் இல்லை.

அண்ணனை வைத்த பெட்டியோடு ஊருக்கு வந்தேன். காரியம் முடிந்த பிறகுதான், நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா வாயைத் திறந்தார்.

"மேலேர்ந்து வுழுந்துட்டானாடா?"

"வுழல நைனா. பெல்ட்டு புடிச்சிக்கினு இருந்திச்சி. வெயில்ல மயங்கி அதுலயே தொங்கினு இருந்தான்."

"யாரு குடியிருக்கப் போறாங்க அதுல?"

"யாரும் இல்ல. படம் மாட்டி வெப்பாங்க. ஜனங்க வந்து பாத்துட்டுப் போவாங்க."

"கூரைய நேரா போட்டிருந்தா ஆவாதா?"

"அப்படி இருந்தாதான் அழகாம்."

நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார்.

ஒப்பந்தம் முடியாததால் நான் திரும்பிப் போனேன். என்னை வேறு பக்கம் மாற்றுவதாக மேஸ்திரி சொன்னார். நான்தான் அந்தச் சரிவையே கேட்டு வாங்கினேன். அண்ணன் பாதியில் விட்ட இணைப்பைப் பற்றவைத்து முடித்தேன்.

மியூசியம் திறப்பதற்கு முன்பே எங்களை வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளே என்ன படங்களை மாட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போது சித்தூரில் ஒரு பட்டறையில் வீடுகளுக்கு கேட் செய்கிறேன்.

அண்ணி குழந்தையோடு நகரியில் தாய்வீட்டில் இருக்கிறார். ஒருமுறை போயிருந்தபோது, கட்டி முடித்த மியூசியத்தின் படத்தைப் போனில் காட்டப் போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"வாணாம் தம்பி, உள்ள வெய்யி" என்றார்.