பின்னால் உட்கார்ந்த அண்ணன்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கொச்சியில், மட்டாஞ்சேரியில் குடியிருந்தோம். வருடம் ஒருமுறை அண்ணனும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் செல்லானம் கடற்கரைக்குப் போய், ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வருவோம். அந்த வருடம் அண்ணனுக்கு முதுகெலும்பில் நோய் வந்து கால்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. மருந்தில் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினோம்.

"இந்தத் தடவையும் போகணும்டா. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றான்.

நான் உற்சாகமாக வேலையில் இறங்கினேன். சைக்கிள் கடைச் சேட்டன், "ரெண்டாளு கேறினா இந்த டயரு தாங்காது கேட்டோ" என்று சொல்லிப் பின்சக்கரத்துக்கு வேறு டயர் போட்டுத் தந்தார். கேரியரில் தலையணையை மடித்துக் கட்டினேன். தார்ப்பாய், ஸ்டவ், கொஞ்சம் கப்பைக்கிழங்கு எல்லாவற்றையும் பையில் போட்டு முன்னால் தொங்கவிட்டேன்.

மாலையில் அண்ணனைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்தேன். அவன் என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை, சக்கரத்தில் ஏதோ சிக்கி வண்டி நின்றது.

"ஏன்டா நிறுத்திட்டே? ஓட்டு" என்றான் அண்ணன், சிரித்துக்கொண்டே.

திரும்பிப் பார்த்தேன். அவனுடைய வலது பாதம் சக்கரக் கம்பிகளுக்குள் மாட்டியிருந்தது. விரல்களிலிருந்து ரத்தம் கொட்டியது. அவனுக்கு எதுவுமே தெரியவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் குனிந்து பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"வீட்டுக்குப் போலாம்டா" என்றான்.

கம்பிகளை வளைத்து அந்தப் பாதத்தை வெளியே எடுக்கும்போது, ஒரு தடவையாவது 'ஐயோ' என்று கத்தமாட்டானா என்று ஏங்கினேன். அவன் கத்தவில்லை.

இன்றும் என் கால் எதிலாவது இடித்து வலித்தால், யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.