வெள்ளிக்கிழமைப் பால்

மாட்டுக்கொட்டகையில் அன்று மாலை அம்மா இருந்தாள், நான் இருந்தேன், அரசு கால்நடை மருத்துவமனையிலிருந்து வந்த டாக்டரம்மா இருந்தார். அப்பா இல்லை, பீங்கான் சூளையில் அவருக்கு ஷிப்டு. வழக்கமாக மாட்டுக்கு ஊசி போடுகிறவரும் இல்லை. அவர் போட்ட ஊசி இந்த முறை கேட்கவில்லை என்பதால்தான் டாக்டரம்மாவை வரச்சொல்லியிருந்தோம்.

பசுவுக்கு மடிநோய். பின்காம்பு ஒன்று கல்லாக இறுகி, தொட்டால் சுட்டது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போதுதான் விருத்தாசலத்தில் காலேஜ் சேர்ந்திருந்தேன். ஃபீஸ் அந்த மடியிலிருந்துதான் வர வேண்டும்.

டாக்டரம்மா சின்னக் குப்பி ஒன்றை நீட்டினார். "ஊசிக்கு முன்னாடி இதுல கொஞ்சம் கறந்து குடுங்கக்கா. லேபுக்கு அனுப்பணும்."

அம்மா அசையவில்லை. "வெள்ளிக்கெழமைங்க. வெளக்கு வச்சாச்சு. பால வெளிய குடுக்க மாட்டோம். இப்ப ஊசியப் போடுங்க, காலையில எவ்ளோ வேணுமோ எடுத்துக்கிட்டுப் போங்க."

"ஊசி போட்டுட்டா லேபுல கிருமி வளராதுக்கா."

வீக்கம் வடிந்ததும் மீதி ஊசியை நிறுத்திவிடுவது எங்கள் வழக்கம். அதை நான் சொன்னதும் டாக்டரம்மா தலையில் கைவைத்தார். "அதான் விஷயம். சாவறதெல்லாம் செத்துப்போச்சு. சாவாததுங்கதான் இந்த மடியில குடும்பம் நடத்துதுங்க."

"அப்ப வாடகையாவது குடுக்கச் சொல்லுங்க," என்றாள் அம்மா.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வற்புறுத்தவும் இல்லை, பசுவின் முதுகைத் தடவியபடி காத்திருந்தார். படித்தவர் ஒருவர் எங்களுக்காக அப்படிக் காத்திருந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

அம்மா உள்ளங்கையில் ஒரு பீச்சுப் பீச்சி, பல்பு வெளிச்சத்தில் பார்த்தாள். மஞ்சளாக, திரிதிரியாக இருந்தது. "இது பாலே இல்லைங்க டாக்டரம்மா. நோவு. வெள்ளிக்கெழம நோவு வூட்ட வுட்டுப் போனா நல்லதுதான். புடிங்க குப்பிய."

இன்று லேபில் என் வேலையே அந்த மாதிரிக் குப்பிகளோடுதான். பல ஊர் மாடுகளிலிருந்து ஒரே பெயருள்ள கிருமி வருகிறது. மரபணுவைப் பார்த்தால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. எந்த மருந்தைத் தாக்குப்பிடித்து வந்தது என்பது அதில் தெரியும். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, எங்கோ ஒரு வீட்டில் பாதியில் நிறுத்திய ஊசி என் நினைவுக்கு வரும். அந்தப் பாடத்தை எனக்கு முதலில் சொன்னவர் டாக்டரம்மா. நன்றியோடு சொல்கிறேன், கேலி செய்யாமல் சொன்னார்.

அன்று அந்தக் குப்பி லேபுக்குப் போன சில நாளில், பக்கத்து வீட்டு செல்போனுக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது: பழைய ஊசி இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது, வேறு மருந்து வேண்டும். இந்த முறை வீக்கம் வடிந்த பிறகும் அம்மா ஊசியை நிறுத்தவில்லை. மருந்து கலந்த பாலை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றதால், நல்ல காம்புகளின் பாலையும் குழிதோண்டிக் கொட்டினாள். அந்தத் தவணை ஃபீஸுக்கு அப்பா சூளையில் இரட்டை ஷிப்டு நின்றார்.

பசு பிழைத்தது. நான்கு காம்பில் ஒன்று வற்றிப்போனது. மிச்சம் மூன்றில் நான் படித்து முடித்தேன்.