பூனைப்பருந்து அடைந்த புல்

பட்டாசுக் கம்பெனி வேலிக்கு வெளியே, காக்கிச் சட்டை போட்ட ஒருவன் பெரிய லென்சோடு புதருக்குள் உட்கார்ந்திருந்தால் எங்கள் பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? ஆய்வுக்கு வந்த அதிகாரி என்றுதான். தாயில்பட்டிக்குப் பக்கத்தில் என்னைக் கண்ட வாட்ச்மேனும் அப்படியே நினைத்து, ஓடிப்போய் ஒரு கலர் சோடா பாட்டில் வாங்கிவந்து நீட்டினார்.

"சார், தீபாவளிக்குப் பூட்டுனது பூட்டுனபடி இருக்கு. உள்ள ஈ காக்கா இல்ல. வேணும்னா வந்து பாருங்க."

பருந்தைப் படம் எடுக்க வந்தவன் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கலரைத் திருப்பிக் கேட்காதது அவருடைய பெருந்தன்மை.

எனக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை. நாள் முழுக்கக் காலண்டர் சாமிகளின் முகத்துக்கு நிறம் திருத்த வேண்டும். மயிலும் கிளியும் காலண்டருக்கு ஆகும், பருந்து ஆகாது. அதைச் சுவரில் மாட்டினால் வீடு விளங்குமா என்பார் முதலாளி. அந்தக் கோபத்தில்தான் நான் பருந்து பின்னால் திரிகிறேன் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு யாராவது ஒன்றை ஆகாது என்று சொன்னால் போதும், அதன் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

நான் காத்திருந்தது பூனைப்பருந்துக்காக. இமயமலைக்கும் அப்பாலிருந்து பனிக்காலத்தில் வந்து, நம் கரிசலில் வெட்டுக்கிளி பிடித்துப் பிழைக்கிற பறவை. கம்மலைத் தொலைத்தவள் தேடுகிற மாதிரி தரையை ஒட்டியே பறக்கும். மற்றப் பருந்துகளைப் போல மரத்தில் அடையாது. பொழுது சாய்ந்ததும் உயர்ந்த புல்லுக்குள் இறங்கித் தரையிலேயே தூங்கும். அதற்கு ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வேண்டும். இந்த வட்டாரத்தில் அப்படி ஓர் இடம் என்றால் பூட்டிக் கிடக்கிற பட்டாசுக் கம்பெனிதான். விபத்துக்குப் பயந்து ரூமுக்கு ரூம் இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். அந்த வெற்றிடம் முழுக்க, மழைக்குப் பிறகு இடுப்பளவு புல் நிற்கும்.

சாயங்காலம் ஒவ்வொன்றாக வந்து வட்டமிட்டு, காலைத் தொங்கவிட்டுப் புல்லுக்குள் இறங்கும். அந்த இறங்குகிற நொடிதான் எனக்கு வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் போய்விடும், இல்லையென்றால் நான் சொதப்பிவிடுவேன்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் போனால், புல்லில் பாதியைக் காணோம். பெண்கள் பன்னருவாளோடு குத்தவைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். தை பிறந்ததும் கம்பெனி திறக்க வேண்டும். அதற்கு முன்னால் ரூம்களைச் சுற்றிக் காய்ந்த புல் இல்லாமல் சுத்தம் செய்தாக வேண்டும். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்தும் மனசு ஆறவில்லை.

வேலியோரம் தண்ணீர் குடிக்க வந்த ஓர் அக்காவிடம் கேட்டேன். "அந்தக் கடைசி ரூம் பக்கத்துப் புல்ல மட்டும் மாசி வரைக்கும் விட்டுவைக்கச் சொல்லி போர்மேன்கிட்டக் கேட்டுப் பாருங்களேன் அக்கா. பருந்து அடையுற இடம்."

அவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"அந்த ரூமுலதான் தம்பி எம்மக வெடிக்கு மருந்து அடைக்கா. முந்தி ஒருக்கா பக்கத்துக் கம்பெனியில புல்லுல பத்துன தீதான் ரூமுக்குப் போச்சு. அந்தப் புல்ல நானே அறுக்கேன்னு கேட்டு வாங்கியிருக்கேன். வேற ஆளு அறுத்தா எனக்கு மனசு கேக்காது."

அந்தப் பிள்ளையை நினைத்தால் புல் போகட்டும் என்றிருந்தது. மலை தாண்டி வந்த பறவையை நினைத்தால் இருக்கட்டும் என்றிருந்தது. திரும்பிப் போய் என் புதரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் தாழ்ந்ததும் மற்றப் பெண்கள் வேனுக்குப் போனார்கள். அந்த அக்கா மட்டும் கடைசி ரூமைச் சுற்றி விட்டுப்போன புல்லைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார். அப்போது பருந்துகள் வந்தன. வட்டமிட்டன. காலைத் தொங்கவிட்டன, மொட்டைத் தரையைக் கண்டதும் மடக்கிக்கொண்டு மேலே போயின. மறுபடி வந்து பார்த்தன. என் கேமரா மடியிலேயே கிடந்தது.

அக்கா வேலிப் பக்கம் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இம்புட்டுமா இங்கன அடைஞ்சது? இனிமே எங்கன போகும்?"

"தெரியலக்கா. வேற புல்லு தேடும்."

"பாவம்லா" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. "படம் எடுங்க தம்பி. சொன்னா எம்மக நம்ப மாட்டா."

எடுத்தேன். சாம்பல் நிறத்து ஆண் பருந்து ஒன்று, சிறகின் அடியில் மஞ்சள் வெயில் பட, தாழப் பறந்து போனது. இத்தனை வருஷத்தில் நான் எடுத்த படங்களில் அதுதான் நல்ல படம். உள்ளே கேமரா கொண்டுபோகக் கூடாது என்பதால், வேலிக்கு வெளியே நின்றபடியே திரையைக் காட்டினேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நல்லாருக்கு. பெருசாக்க முடியுமா?"

பருந்தின் முகத்தைப் பெரிதாக்கினேன்.

"அது இல்ல தம்பி, பின்னால."

சிறகுக்குப் பின்னால் மங்கலாக ஒரு வெள்ளைச் சுவர் தெரிந்தது. அதைப் பெரிதாக்கினேன். அவர் விரல், கண்ணாடியில் படாமல் அந்தச் சுவரைச் சுற்றி மெல்லப் போனது.

"அந்தா, எம்மக ரூமு. பாத்தீகளா, சுத்தி ஒத்தப் புல்லு இல்ல."