பானை இருந்த மூலையில் நாலாம் வகுப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு. செத்துப்போன நாத்தனாரின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்து ஆளாக்கியது ஆறு. ஒன்றும் சோடை போகவில்லை. அது போக, தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து மூக்கைத் துடைத்து, நகம் வெட்டி, தண்ணீர் மொண்டு கொடுத்த பிள்ளைகளுக்கு நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் சயான் ஸ்டேஷனில் நரைத்த தலை ஒன்று “ஆயா” என்று கூப்பிட்டு நிற்கும். யாரென்று சட்டென்று தெரியாது. சிரித்தால் தெரிந்துவிடும்.

இப்போது பள்ளிக்கூட வேலைக்கு வருகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத வரும். அவசரம் ஒன்றும் இல்லை.

முதல் நாள்

உலகச் சண்டைக்காலம். விமானத்துக்கு வெளிச்சம் தெரியாதபடி ஜன்னல் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஒரு நீளக் கூடம்தான். நடுவில் கோணிச்சாக்கு தைத்துத் தொங்கவிட்டு மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். மூன்றுக்கும் ஒரே டீச்சரம்மா. மாட்டுங்காவிலிருந்து நடந்து வருவார். அப்போது அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

“எழுதப் படிக்கத் தெரியுமா நோக்கு?” என்று கேட்டார்.

“தெரியாதும்மா. கூட்டத் தெரியும்.”

“எனக்குக் கூட்டத் தெரியாது. சரியாப் போச்சு” என்று சொல்லித் துடைப்பத்தை என் கையில் கொடுத்தார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கூட்டுவது, மணல் சலிப்பது, நகம் பார்ப்பது, தண்ணீர்ப் பானை பார்ப்பது, இவை என் வேலை. குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் நானே தட்டிப் பார்த்து வாங்கிய பானைகள். வாசலுக்கு உள்பக்கம் நிழல் விழுகிற மூலையில் மணல் குவித்து, வரிசையாக உட்கார வைத்திருப்பேன். அந்த வட்டாரத்தில் அவ்வளவு குளிர்ந்த தண்ணீர் வேறெங்கும் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, குடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றாம் வகுப்புக்குத் தரையில் மணல், அதில் விரலால் எழுத்து. இரண்டாம் வகுப்புக்குச் சிலேட்டு, வாய்ப்பாடு, அரையும் காலும் முக்காலும். மூன்றாம் வகுப்புக்குப் பாடப் புத்தகம், பூகோளம், பெண்பிள்ளைகளுக்குத் தையல். டீச்சரம்மா ஒரு கோணிக்குப் பின்னால் போனால் மற்ற இரண்டு வகுப்பும் தானாகச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். மூன்று சத்தமும் சேர்ந்து வந்தால் பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். ஒன்று நின்றால் நான் துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போவேன். சத்தம் தானாக வந்துவிடும்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, ஒன்றாம் வகுப்பு மணலில் பிள்ளைகள் போட்ட எழுத்து அப்படியே இருக்கும். அழிக்கும் முன் அதன் மேலேயே என் விரலையும் ஓட்டுவேன். அப்படித்தான் எனக்கு எழுத்து வந்தது.

கடல் எந்தப் பக்கம்

என் மூத்தவள் செண்பகம் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் கிடையாது. நாலாம் வகுப்பு வேண்டுமென்றால் தண்டவாளம் தாண்டி மாட்டுங்கா போக வேண்டும். தோல் கிடங்கில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

“மூணாப்பு போதும். பொட்டப்பிள்ள தண்டவாளம் தாண்டிப் போவ வேண்டாம். வீட்ல அவ தம்பிமார பாத்துக்கிடட்டும்.”

“இங்கயே நாலாப்பு வந்தா?”

“வந்தா பாப்போம். வரவா போகுது?”

டீச்சரம்மா நாலாம் வகுப்பு கேட்டு எழுதிப் போட்டிருந்தார். அதைப் பார்த்து முடிவு செய்ய இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழர்தான். மடிப்புக் கலையாத கோட்டு.

ஒன்றாம் வகுப்பில் ‘ஆடு’ எழுதச் சொன்னார். ஒருவன் கொம்பும் வாலும் வைத்து ஆட்டையே வரைந்துவிட்டான்.

“எழுத்து எங்கடா?”

“வயித்துக்குள்ள இருக்கு சார்.”

குனிந்து பார்த்தார். உள்ளே சின்னதாக எழுதியிருந்தது. சிரிக்காமல் நகர்ந்தார்.

இரண்டாம் வகுப்பில் அளவைக் கணக்கு. எங்களுக்குப் புத்தகம் மெட்ராஸிலிருந்து வரும். அதில் படி, மரக்கால் என்று இருக்கும். இங்கே கடையில் அரிசி அளப்பது ஷேர், பாயலி என்று. டீச்சரம்மா இரண்டையும் சொல்லிக்கொடுத்திருந்தார். பிள்ளைகள் அதற்கும் இதற்கும் பதில் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். பானைப் பக்கம் நின்ற எனக்கு நாலாம் வகுப்பு வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

மூன்றாம் வகுப்பில் செண்பகத்தை எழுப்பினார்.

“கடல் எந்தத் திசைல இருக்கு?”

“கிழக்கு சார்.”

“எங்க, கைய காட்டு.”

அவள் மாகிம் பக்கம் காட்டினாள். எங்கள் கடல் அங்கேதானே இருக்கிறது.

“அதுவா கிழக்கு? அப்ப சூரியன் எங்க உதிக்குது?”

“கடல்ல சார்” என்று மறுபடி மாகிமைக் காட்டினாள். வகுப்பு முழுக்கக் கையை நீட்டியது.

“காலைல எழுந்து பாத்ததே இல்லையா நீங்கள்லாம்?”

“எங்க சந்துக்குள்ள உச்சிக்குத்தான் சார் வெயில் வரும். அதுவரைக்கும் தோல் கிடங்கு மதிலு மறச்சிரும்.”

இன்ஸ்பெக்டர் டீச்சரம்மா பக்கம் திரும்பினார். “அரிசி அளக்க ரெண்டு ஊர் அளவும் தெரியுது. நிக்கற ஊர்ல கிழக்கு மேற்கு தெரியல. இதுக்கு மேல நாலாங்கிளாஸ் எதுக்கும்மா? அடுத்த மாசம் வரேன். அப்பவும் இப்படியே இருந்தா, இதுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

அன்றைக்கு டீச்சரம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. செண்பகம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, “புத்தகத்துல உள்ளதத்தானம்மா சொன்னேன்” என்று ஒரே அழுகை.

மாகிம்

மறுநாள் மணியடித்ததும் டீச்சரம்மா சொன்னார்: “சாயங்காலம் எல்லாரையும் மாகிம் கூட்டிண்டு போறேன். நீயும் வா. தண்ணி எடுத்துக்கோ.”

என் வீட்டுக்காரர் சிரித்தார். “கடல் பாக்கவா பள்ளிக்கூடம்? போங்க, வரும்போது மீனு வாங்கிட்டு வாங்க.”

கை கோத்து இரண்டிரண்டு பேராக ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கினோம். இடுப்பில் குடத்தோடு நான் கடைசியில். மணலைப் பார்த்ததும் ஒன்றாம் வகுப்பு தானாக உட்கார்ந்து எழுத ஆரம்பித்தது. அலை வந்து அழித்தது. “ஆயா, நீ கூட்டவே வேண்டாம்” என்று ஒரே குதி. இரண்டாம் வகுப்பு படகுகளை எண்ணிச் சண்டை போட்டது. மூன்றாம் வகுப்பை டீச்சரம்மா கடலைப் பார்த்து நிற்க வைத்தார். சூரியன் இறங்கி இறங்கித் தண்ணீரைத் தொட்டது.

“சூரியன் மறையற பக்கம் எது?”

“மேற்கு டீச்சர்.”

“அப்ப கடல்?”

செண்பகம்தான் கேட்டாள். “அப்பம் புத்தகம் பொய்யா டீச்சர்?”

“பொய் இல்லடி. எழுதினவா மெட்ராஸ்ல ஒக்காந்து எழுதியிருக்கா. அவாளுக்குக் கடல் கிழக்கே. நமக்கு இதுதான் கடல். நான்தான் இத மொதல்லயே சொல்லியிருக்கணும்.”

நமக்கு இதுதான் கடல் என்று அவர் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் என் ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நானும் பிள்ளைகளோடு நின்று பார்த்தேன். மீன் வாங்க மறந்துவிட்டோம்.

பானை இருந்த மூலை

சொன்னபடி இன்ஸ்பெக்டர் வந்தார். நேராக மூன்றாம் வகுப்புக்குப் போய்ச் செண்பகத்தையே எழுப்பினார்.

“கடல் எந்தத் திசை?”

“புத்தகத்துல கிழக்கு. இங்க மேற்கு. எதச் சொல்லட்டும் சார்?”

அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன். “ரெண்டையும்தான் சொல்லிட்டியே, உக்காரு” என்றார். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். “எல்லாம் சரிம்மா. நாலாங்கிளாஸ் எங்க உக்காரும்? நிக்கவே இடம் இல்லையே.”

டீச்சரம்மா கோணிகளை மாறி மாறிப் பார்த்தார். கோணியை எப்படி நகர்த்தினாலும் இடம் வராது. என் மூலை ஒன்றுதான் உண்டு. அந்த மூலையை நான் யாருக்கும் விட்டதில்லை. பானையருகே செருப்போடு வந்த பெரிய மனிதர்களையே வெளியே அனுப்பியிருக்கிறேன்.

“பானைய நான் வெளிய வச்சுக்கிடுதேன் சார்” என்றேன்.

“வெயில்ல தண்ணி சுடாதா?”

“கோணிய நனச்சுச் சுத்திக்கிடுதேன். தண்ணி என் பொறுப்பு.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, போகிற போக்கில் ஒரு குவளை வாங்கிக் குடித்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். இருக்காதா பின்னே.

மழைக்காலம் தொடங்கிப் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு நாலாம் வகுப்பு என் மூலையில் உட்கார்ந்தது. மணல் அள்ளிய ஈரம் தரையில் காயவில்லை. செண்பகம் அந்த ஈரத்தின் மேல் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த வருடம் மாட்டுங்கா பள்ளிக்கூடத்துக்கு வீட்டுக்காரரே அவள் கையைப் பிடித்துத் தண்டவாளம் தாண்டிக் கொண்டுபோய் விட்டு வந்தார்.

வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளை வீட்டுக்குப் போகும்போது என்ன படித்தாய் என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கும். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, எங்கே காட்டு என்று சொல்லுங்கள். அதற்குச் சரியாகக் கை நீண்டால்தான் பாடம் உள்ளே போயிருக்கிறது.

எழுதி முடித்துவிட்டேன். செண்பகத்தின் மகன் வயிற்றுப் பேத்தி மீனா பக்கத்தில் இருக்கிறாள். இந்தியும் இங்கிலீஷும் தண்ணீர்பட்ட பாடு, தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும்.

“ஏட்டி, இத எனக்கு முதல்ல இருந்து வாசி. திக்கினாலும் பரவாயில்ல, நான் இருக்கேன். வாசிக்க முன்ன ஒண்ணு. கடல் எந்தப் பக்கம்? வாயால சொல்லாத, கைய காட்டு.”