ஆமைக்கு நாள் குறித்தது

வெல்டிங் பட்டறையில் நான் இருந்தேன். கூட்டாளியான என் சகலை இருந்தார். சோறு கொண்டுவந்த என் மனைவி இருந்தாள். வேறு யாருமில்லை.

பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடியில் என் பேத்திக்கு மொட்டை. அதே நாளில் சகலை வீட்டில் காவடி. ஒருவர் பட்டறையில் இருந்தாக வேண்டும். செல்போன் விளையாட்டில் தோற்பவர் இருப்பது என்று பேச்சு. ஆளுக்கு ஆறு பிராணிகள். ஒன்றுக்கு ஒன்று நின்று மாறி மாறி அடிக்க வேண்டும்.

என் ஆமை சாகக் கிடந்தது. மூன்று முறை மருந்து கொடுத்தேன். மருந்து கொடுத்தால் அந்த முறை அடிக்க முடியாது. அவருடைய பாம்பு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

"என்ன சகல, ஆமைக்கு குளுக்கோஸ் ஏத்துறீகளோ?" என்று சிரித்தார்.

நாங்கள் ஆடுவதைத் தினமும் பக்கத்திலிருந்து பார்ப்பவள் என் மனைவி. "ஆமையை எடுத்துட்டுக் கழுகை இறக்கவா?" என்று அவளிடம் கேட்டேன்.

"இப்ப மாத்துனா வரும்போதே கழுகுக்கு அடி விழும். ஆமை செத்தா அடிபடாம வரும்ல? நேந்துவிட்ட கெடாய்க்கு யாராச்சும் ஊசி போடுவாகளா?"

இது எனக்குப் புதிது. கிடாய்க்கு நாளைத் திருவிழா குறித்துவிடும். ஆமைக்கு நான்தான் குறிக்க வேண்டும். எதை வைத்துக் குறிப்பது? இப்போதே மாற்றினால் கழுகு வாங்கப்போகும் அடியை எண்ணிப் பார்த்தேன். ஆமையிடம் இருந்த உயிர் அதைவிடக் குறைவு. மருந்தை நிறுத்தினேன்.

ஆமை செத்தது. கழுகு முழு உயிரோடு வந்து பாம்பைக் கொன்றது. பிறகு என் பிராணிகளில் இன்னும் நான்கை அதே கணக்கில் சாகவிட்டேன். சகலைக்கு எதுவும் மிஞ்சவில்லை. மொட்டைக்கு நான் போகிறேன். எனக்கு ஆறில் மிச்சம் ஒன்று.