மஞ்சள் தடவாத கவர்

சற்குணம் சார் இறந்த செய்தி, நான் அனுப்பிய பண்டிகை வாழ்த்துக்குப் பதிலாகத்தான் வந்தது. ஆயுத பூஜைக்காக எங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர்கள், பழைய ஊழியர்கள் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் மெயில் அனுப்பியிருந்தது. ‘அன்புள்ள சற்குணம் அவர்களே, உங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி நிறையட்டும்!’ ஆளுக்கு ஆள் பெயரை மட்டும் அதுவே மாற்றிப் போட்டுக்கொள்ளும். அவர் மகள் இரண்டே வரி எழுதியிருந்தார்: ‘அப்பா போன வாரம் தவறிவிட்டார். இந்த வருஷம் எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது.’ கூசிப்போனேன். வாழ்த்தின் அடியில் என் பெயர் இருந்தது.

கும்மிடிப்பூண்டியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தபாலில் விலைப்பட்டியல் அனுப்பியே மில்களுக்குப் பேரிங்கும் பெல்ட்டும் விற்றவர். அதே அறைக்கு, மெயிலில் விற்க வந்தவன் நான். ஆயுத பூஜைக்கு முன்னால் கேன்டீன் பெஞ்சில் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கவரின் நான்கு மூலையிலும் தொட்டுத் தொட்டு வைப்பார். அன்றைக்கு அவர் நாஷ்டாவில் இட்லிகூட மஞ்சளாகத்தான் இருக்கும். “மார்க்கெட்டிங்கா சார், மஞ்சள் நீராட்டு விழாவா?” என்று சீண்டுவேன். “உன் மெயிலுக்கு மஞ்சத் தடவிக் காட்டு நைனா, நான் வேலைய உட்டுடறேன்” என்பார்.

ஒரு வருஷம் ஒரு கவரை மட்டும் தனியே ஒதுக்கியிருந்தார். விட்டுப்போயிற்று என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கினார். “ஊத்துக்கோட்டை ரைஸ்மில்காரரு சம்சாரம் பூட்டாங்க. சாவு ஊட்டுக்கு மஞ்சக் கவரா அனுப்புவே?” அதில் விலைப்பட்டியலும் வைக்கவில்லை. வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதி அனுப்பினார். லோடு ஏற்ற வரும் டிரைவர் முதல் போனில் வரும் முதலாளி வரை எல்லோரையும், “ஊட்ல எல்லாம் சௌக்கியமா?” என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். அதை வெட்டிப்பேச்சு என்று மீட்டிங்கில் அவர் எதிரிலேயே சொன்னவன் நான்.

தபாலா மெயிலா என்ற அந்த மீட்டிங்கில் ஜெயித்ததும் நான்தான். சும்மா சொல்லக்கூடாது, என் வாதத்திலும் தப்பில்லை. அவர் கவர்கள் ‘ஆள் இல்லை’ என்று கட்டாகத் திரும்பி வரும். “நம்ம லிஸ்ட்டு போய்ச் சேர்றதுக்குள்ள வெல ஏறிடுது, பேஜாரு” என்று அவரே சிரிப்பார். மெயில் உடனே போனது, தபால்செலவு மிச்சமானது, ஆர்டரும் வந்தது. ஓய்வு பெற்ற அன்று முகவரிகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, “பேர மட்டும் வச்சிக்கினு இன்னா பண்ணுவே? அப்பப்ப போனு போட்டு விசாரி” என்றார். தலையாட்டினேன். யாருக்கும் போடவில்லை. அவருக்கே போடவில்லை. அவர் உடம்புக்கு முடியாமல் கிடந்ததுகூட எனக்குத் தெரியாது.

திருப்பாச்சூரில் அவர் வீட்டுக்குப் போனேன். “அந்த வாழ்த்து மெஷின் அனுப்பினதும்மா” என்று அவர் மனைவியிடம் சொன்னேன். சொல்லும்போதே அந்தச் சாக்கு எனக்கே கேவலமாக இருந்தது.

“மெஷினுன்னு அவருக்குத் தெரியாதா தம்பி? ஆனா ஒவ்வொரு வாட்டி மெயிலு வந்தாலும், ‘பாரு, நம்ம பேர இன்னும் எடுக்காம வச்சிகீறான்’னு சொல்லிச் சிரிச்சிக்கினு இருப்பாரு” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் ஆபீசில் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். வெட்டிப்பேச்சு என்று நான் சொன்ன அந்த விசாரிப்பை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். முதலில் ஊத்துக்கோட்டை ரைஸ்மில்லுக்குத்தான் போன் போட்டேன். “வீட்ல எல்லாம் சௌக்கியமா?” என்று கேட்டேன்.

“யாரு, சற்குணம் சாரா?” அந்தப் பக்கம் குரலில் அத்தனை சந்தோஷம்.

இல்லை என்று சொல்லி, என் பெயரைச் சொன்னேன். இத்தனை வருஷமாக மாதாமாதம் அவருக்குப் போகிற மெயிலின் அடியில் இருக்கிற பெயர்.

“எந்தக் கம்பெனி சார் நீங்க?” என்றார்.