மல்லாட்டை மண்டித் தராசு

அங்கன்வாடியில் பதினாறு வருடமாகப் பிள்ளைகளை எடை போடுகிற ஆரோக்கியசெல்வி, தான் மட்டும் தராசில் ஏறியதே இல்லை. திண்டிவனத்தை ஒட்டிய அந்தத் தெருவில் அவள் வைத்ததுதான் சட்டம். மாதம் பிறந்தால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவாள். எடை குறைந்த பிள்ளையின் அம்மா முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றால், "தராசப் பாத்து பயந்துக்கினு இருந்தா புள்ள தேறிடுமா? நம்பர சொல்றதுல இன்னா வெட்கம்?" என்று எல்லோர் எதிரிலும் விரட்டுவாள். ஊருக்குத்தான் உபதேசம்.

முகையூர்ப் பக்கம் நிலமில்லாத வீட்டில் பிறந்தவள் அவள். அரை வயிற்றுக் கஞ்சியில் வளர்ந்தவளுக்குத் தட்டில் மிச்சம் வைக்க வராது. கல்யாணமாகி உடம்பு பூசியபோது சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். சோற்றுக்குக் கஷ்டமில்லாத இடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று அர்த்தம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு வந்தது. பின்னாலேயே சர்க்கரையும் பிரஷரும் வந்தன. இப்போது நாற்பத்து மூன்று வயதில் பத்துப் படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் ஆட்கள் நின்றுகொண்டே வருவார்கள். அவள் அதைக் கவனிக்காதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

யோசனை சொல்ல மட்டும் ஆள் பஞ்சமே இல்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று ஒருத்தி ரசம் வைக்கச் சொன்னாள். இன்னொருத்தி ஏதோ பவுடர் டப்பாவை நீட்டினாள். பவுடரை நம்பிச் சோற்றை விட்ட செல்வி, சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கினாள். நான்காம் நாள் பிள்ளைகள் எதிரிலேயே மயங்கி விழுந்தாள்.

புருஷன் இருதயராஜ் பதறிப்போய் விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனான்.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாரு. இப்படியே விட்டா இதயத்துல போய்த்தான் நிக்கும்," என்றார் டாக்டரம்மா. "பட்டினி மருந்தில்லம்மா. சாப்பாட்டை மாத்தணும், நடக்கணும். அது போதலன்னா வாரம் ஒரு ஊசி இருக்கு, இரைப்பையைச் சின்னதாக்குற ஆபரேஷன் இருக்கு. உங்களுக்கு எது ஒத்துவரும்னு சென்னையிலதான் பாத்துச் சொல்லணும். லெட்டர் தரேன். எடை எவ்வளவு?"

"தொண்ணூத்தஞ்சு இருக்கும் டாக்டர்," என்றாள் செல்வி, கூசாமல்.

ஏற்றிப் பார்த்தார்கள். முள் நூற்றிருபதில் போய் முட்டி நின்றது. அந்தத் தராசில் அதற்கு மேல் எண் இல்லை.

"பெரிய தராசுல பாத்து எழுதி வாங்கிட்டு வாங்க. எடை தெரியாம நான் லெட்டர் எழுத முடியாது."

பெரிய தராசு எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். வேர்க்கடலை வாங்கி விற்கும் திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில் இருபது வருடமாக மூட்டைகளை எடை போடுகிறவனே இருதயராஜ்தான். அதனாலேயே ஏழு வாரம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு காலையில் அவன்தான் ஆரம்பித்தான். "நான் தூக்குற மூட்டைய சாயந்திரம் எறக்கி வெச்சிடுறேன் செல்வி. நீ எறக்கவே இல்லியே. ஒரு நா எழுப்பி நீ எழுந்திருக்கலன்னா நான் இன்னா பண்ணுவேன்?" சொல்லும்போதே அழுதுவிட்டான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அன்றுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

"மத்தியானம் வா. எல்லாரும் சாப்பிடப் போயிருப்பாங்க. ஜல்தியா முடிச்சிடலாம்," என்றான்.

எல்லாரும் போயிருக்கவில்லை. மல்லாட்டை புடைக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் நிழலில் தூக்குவாளியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றுகூடச் செல்வி நினைத்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றினாள், கைப்பையைக் கீழே வைத்தாள், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பாளே, அதே மாதிரி. மெதுவாக இரும்புப் பலகைமேல் ஏறி நின்றாள்.

சிவப்பு எண்கள் ஓடி நின்றன. எண் நின்றால் வாய் கூவும். இருதயராஜுக்கு இருபது வருடப் பழக்கம்.

"நூத்தி முப்பத்தெட்டூ!"

மண்டி முழுக்கக் கேட்டது. சாப்பிட்ட கைகள் அப்படியே நின்றன. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான், ஆனால் சொன்னது சொன்னதுதான். மூட்டைகளுக்குப் பின்னால் தூங்கி வழிந்துகொண்டிருந்த கணக்கர் கண்ணையன், பாதிக் கண்ணைத் திறந்து, மூட்டைக்குச் சீட்டு போடப் பேனாவை எடுத்தார்.

"எந்தப் பேருக்குப்பா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செல்விக்குக் காதெல்லாம் எரிந்தது. எத்தனை அம்மாக்களை இப்படி நாலு பேர் எதிரில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

அவள் இறங்கவில்லை.

"ஆரோக்கியசெல்வி பேருக்குங்க," என்றாள். "நூத்தி முப்பத்தெட்டு. சீட்டுல நல்லா புரியற மாதிரி எழுதிக் குடுங்கண்ணே. டாக்டர்கிட்ட காட்டணும்."